ஒரு பானை பயறு, ஒரு சட்டி வெங்காயம்: குறைந்த செலவில் வயிறு நிறையச் சமைக்க முழுமையான வழிகாட்டி

சிக்கனமாகச் சமைக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் தேடுவது சமையல் குறிப்புகளைத்தான். குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வேலை முடிந்து களைத்துப்போய் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது எந்தக் குறிப்பும் கைகொடுக்காது. டப்பாவில் கொண்டைக்கடலை இருக்கிறது. இப்போது ஊறப்போட்டால் நாளைக்குத்தான் சாப்பாடு. கை தானாகப் போனை எடுக்கும், ஆர்டர் போகும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் ஓட்டை விழுந்திருப்பது அந்த இரவுகளில்தான்.

காய்ந்த பயறு, தானியம், வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் எல்லாம் விலை குறைவு. பதிலுக்கு அவை நேரம் கேட்கும். பசிக்கிற நேரத்தில் அந்த நேரத்தைக் கொடுக்க நம்மால் முடியாது; முன்கூட்டியே கொடுத்து வைத்துவிட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒரு பானை பயறும் ஒரு சட்டி வெங்காயமும் தயார் செய்துவிட்டால், அடுத்த சில நாட்களுக்கு எந்த இரவுச் சாப்பாடும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கீழே வருவது எல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டின் விவரங்கள்தான். அளவுகள் இரண்டு அல்லது மூன்று பேர் உள்ள வீட்டுக்கு. தனியாக இருப்பவர்களும் இதே அளவு செய்து, பாதியை ஃப்ரீசரில் போடலாம்.

வயிறு எதனால் நிறைகிறது

1790களில் மியூனிக் நகரத்து ஏழைகளுக்கு உணவளிக்கும் பொறுப்பு பெஞ்சமின் தாம்சன் என்பவரிடம் வந்தது. ரம்ஃபோர்ட் பிரபு என்ற அவரது பட்டப்பெயரைச் சொன்னால் இயற்பியல் படித்தவர்களுக்குத் தெரியும். மிகக் குறைந்த செலவில் பெரிய கூட்டத்துக்குச் சோறு போட அவர் உருவாக்கிய சூப்பில் இருந்தவை பார்லி, காய்ந்த பட்டாணி, உருளைக்கிழங்கு, காய்ந்து போன ரொட்டி, வினிகர், உப்பு, நிறையத் தண்ணீர். மெல்லிய தீயில் மணிக்கணக்காகக் கொதிக்க விட்டார். அப்படிக் கொதித்துக் கெட்டியாகும்போது தண்ணீரே உணவாக மாறிவிடுகிறது என்று அவர் உறுதியாக நம்பினார். அது தவறு, தண்ணீரில் சத்து ஏது? ஆனால் அவர் கண்ணால் பார்த்தது பொய்யில்லை, அந்த சூப்பைக் குடித்தவர்களுக்கு வயிறு நிறைந்தது.

இருநூறு ஆண்டுகள் கழித்து, 1999-இல், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் இதே மாதிரியான ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பொருட்களைக் கெட்டியான உணவாகக் கொடுத்துப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார்கள். இன்னொரு முறை அதே தண்ணீரை உணவோடு சேர்த்து சூப்பாக்கிக் கொடுத்தார்கள். சூப் குடித்தவர்கள் அடுத்து வந்த சாப்பாட்டில் குறைவாகச் சாப்பிட்டார்கள். தண்ணீரைத் தனியாகக் குடித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதற்கு முன்பே, 1995-இல், சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழு 38 உணவுகளைச் சம கலோரி அளவில் சாப்பிடக் கொடுத்து, எது எவ்வளவு பசி தாங்குகிறது என்று அளந்தது. வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்துக்கொண்டார்கள். வெண்ணெய் மடித்துச் செய்யும் குரோசான் 47 வாங்கிக் கடைசியில் நின்றது. முதலிடம் 323 வாங்கிய வேகவைத்த உருளைக்கிழங்குக்கு! விலை குறைந்த பொருளே அதிகம் பசி தாங்கும் என்பது நம் பாக்கெட்டுக்கு நல்ல செய்தி.

எனவே ஒரு கிண்ணம் உணவில் நான் பார்ப்பது நான்கு. பயறோ முட்டையோ இருக்கிறதா? மாவுச்சத்து, அதாவது அரிசியோ கோதுமையோ கிழங்கோ இருக்கிறதா? நீர் நிறைந்த காய்கறி தாராளமாக விழுந்திருக்கிறதா? கடைசியாகக் கொஞ்சம் கொழுப்பு. இவற்றில் முதலாவதை விட்டுவிட்டு வெறும் சோற்றிலோ ரொட்டியிலோ வயிற்றை நிரப்பினால் சீக்கிரமே மறுபடி பசிக்கும், பிறகு பிஸ்கட் பாக்கெட்டைத் தேடுவோம். சிக்கனம் அங்கே தோற்றுப்போகும்.

வாங்கும்போது

பாக்கெட்டில் போட்டிருக்கும் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வெந்த பிறகு எவ்வளவு தேறும் என்று பாருங்கள். காய்ந்த பயறு வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஒரு கப் காய்ந்த பயறு இரண்டரை முதல் மூன்று கப் வரை பெருகும். 400 கிராம் என்று அச்சடித்த டின்னில் தண்ணீரை வடித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 240 கிராம் பயறு. அதாவது 100 கிராம் காய்ந்த பயறு வெந்த அளவு. இரண்டின் விலையையும் இப்படி ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். டின் வாங்குவது குற்றமில்லை, அவசரத்துக்கு ஓரிரண்டு இருக்கட்டும்.

அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஊறவைக்கத் தேவையில்லாத ஒரு பருப்பு (சிவப்பு மசூர் இருப்பதிலேயே சீக்கிரம் வேகும்), ஊறவைத்து வேகவைக்கும் ஒரு பயறு, அரிசி, ஏதாவது ஒரு கோதுமைப் பொருள், எண்ணெய், உப்பு, வினிகர் அல்லது எலுமிச்சை, உங்கள் நாக்குக்குப் பழகிய மூன்று நான்கு மசாலாக்கள். குளிர்பெட்டியில் முட்டை. கூடையில் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு.

காய்கறியில் ஒரு சின்னத் தந்திரம்: வாரத்துக்கு இரண்டு வகையாகப் பிரித்து வாங்குங்கள். கீரை, தக்காளி, காளான் போன்றவை முதல் மூன்று நாட்களுக்கு. முட்டைகோஸ், கேரட், பூசணி போல நாள் தாங்குபவை பின்பாதிக்கு. உறைந்த பட்டாணியைக் குறைவாக எடைபோட வேண்டாம். பறித்த சூட்டில் உறையவைப்பதால் சத்தும் நிற்கும், ஒரு மணிகூட வீணாகாது. வீணாவதுதான் கணக்கில் வராத பெரிய செலவு. 2022-இல் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. உணவகங்களை விட நம் வீட்டுக் குளிர்பெட்டிகளே அதிகம் வீணாக்குகின்றன.

உருளைக்கிழங்கை இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை பாய்ந்த பகுதியில் சோலனின் என்ற நச்சும் கூடியிருக்கும், அது வேகவைத்தாலும் போகாது. கொஞ்சம் பச்சை என்றால் ஆழமாக வெட்டி எறியலாம். முழுக்கப் பச்சையாகிக் கசந்தால் கிழங்கையே எறியுங்கள்.

முதல் வேலை: பயறுப் பானை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. பயறு பிடிக்காது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் சாப்பிட்டது சரியாக வேகாத பயறு, அல்லது உப்பு ஏறாத பயறு.

அரை கிலோ கொண்டைக்கடலை, காராமணி, ராஜ்மா, காய்ந்த பட்டாணி, எதுவானாலும் எடுங்கள். கல் பொறுக்கிக் கழுவி, இரண்டு லிட்டர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அந்தத் தண்ணீரிலேயே லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு கரையுங்கள். "உப்புப் போட்டால் பயறு வேகாது" என்பது தலைமுறை தலைமுறையாக வரும் எச்சரிக்கை, உண்மை நேர்மாறானது. பயறின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள், அதற்கு அந்த இறுக்கத்தைக் கொடுப்பவை கால்சியமும் மெக்னீசியமும். உப்பில் உள்ள சோடியம் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ள, தோல் இளகுகிறது. வெடித்துச் சிதறாமல் மெத்தென்று வேகும், உள்ளே வரை ருசியும் ஏறும்.

வேகவிடாமல் செய்பவை வேறு. ஒன்று புளிப்பு. தக்காளி, எலுமிச்சை, வினிகர், புளி எதுவாக இருந்தாலும் பயறு மெத்தென்று வெந்த பிறகுதான் பானைக்குள் போக வேண்டும். முன்னாலேயே போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொன்று கடினமான தண்ணீர்; அதில் உள்ள கால்சியம் தோலை மேலும் இறுக்கும். உங்கள் வீட்டுக் கெட்டிலில் வெள்ளைப் படிவு படிகிறது என்றால் தண்ணீர் கடினமானது என்று பொருள், வேகவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள். சிட்டிகைக்கு மேல் வேண்டாம், சோப்பு வாடை வரும். மூன்றாவது பயறின் வயது. வருடக்கணக்கில் வெப்பத்தில் கிடந்த பயறு என்ன செய்தாலும் மெத்தென்று ஆகாது. அதிகம் விற்பனையாகும் கடையில் வாங்குவது ஒன்றுதான் வழி.

எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும். வெயில் காலத்தில் குளிர்பெட்டிக்குள் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் நுரைத்துப் புளித்துவிடும். மறந்துவிட்டீர்களா? கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி, ஒரு மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய அதே பலன்.

ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்; பயறுக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கட்டும். உரித்த பூண்டு நான்கைந்து பற்கள், பாதி வெங்காயம், ஒரு பிரியாணி இலை, ஒரு தேக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. எண்ணெய் நுரையை அடக்கும். திறந்த பானை என்றால் முதலில் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு தீயைக் குறைத்து, மூடி சற்றே திறந்திருக்க ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். குக்கர் என்றால் அழுத்தம் ஏறிய பிறகு தீயைக் குறைத்துப் பதினைந்து முதல் இருபது நிமிடம், அழுத்தம் தானாக இறங்கும்வரை திறக்க வேண்டாம். முழு அழுத்தத்தில் குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியஸைத் தொடும். அதனால்தான் இவ்வளவு வேகம். நுரைக்கும் பொருள் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. துளை அடைத்துக்கொண்டால் ஆபத்து.

ராஜ்மாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று அதிகம் உண்டு. நான்கைந்து விதைகள் சரியாக வேகாமல் வயிற்றுக்குள் போனாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், அரை மணி நேரம் கொதித்தால் இன்னும் நல்லது. மெதுவாகச் சமைக்கும் மின்பானையில் நேரடியாகப் போடவே கூடாது. அதில் வெப்பம் 80 டிகிரியிலேயே நின்றுவிட்டால் நச்சு ஐந்து மடங்கு வரை கூடக்கூடும். நன்றாகக் கொதித்த ராஜ்மாவில் எந்தப் பயமும் இல்லை.

வெந்ததா என்று ஒரு மணியை எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து எடுங்கள். ஐந்தும் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே நசுங்க வேண்டும். இந்த நிலையில் உப்புச் சரிபார்த்து, பயறைத் தண்ணீரோடேயே ஆறவிடுங்கள். அந்தக் கெட்டித் தண்ணீரைக் கீழே ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. மாவும் ருசியும் இறங்கிய அந்தக் குழம்பலான நீர்தான் நாளைக்கு உங்கள் சூப்பின் உடம்பு.

இரண்டாவது வேலை: வெங்காயச் சட்டி

பயறு வேகும் நேரத்திலேயே பக்கத்து அடுப்பில் இது நடக்கட்டும்.

ஒரு கிலோ வெங்காயத்தை மெல்லியதாக அரியுங்கள். அகலமான, அடி கனமான சட்டியில் ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய். அகலம் முக்கியம், ஆழமான குறுகிய பாத்திரத்தில் வெங்காயம் தன் நீரிலேயே வேகுமே தவிரச் சிவக்காது. தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, பொருள் சிவந்து மணம் எழுவதற்கோ 140 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். ஆகவே முதல் வேலை வெங்காயத்தின் நீரை விரட்டுவது. ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, மூடி வைத்து பத்து நிமிடம். நீர் கக்கித் துவண்டுவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டிருங்கள்.

"ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாக வதக்கவும்" என்று எழுதியிருக்கும் எந்தக் குறிப்பையும் நம்பாதீர்கள். இவ்வளவு வெங்காயத்துக்கு நாற்பது நிமிடமாவது ஆகும். நல்ல வேளையாக, பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். அடியில் பழுப்பாகப் பிடிக்கும்போது இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், பிடித்தது அத்தனையும் கரைந்து வெங்காயத்தில் ஏறும். இதை நான்கைந்து முறை செய்தால் வெங்காயம் செம்பழுப்பாகி, முதலில் இருந்த அளவில் கால்பங்காகச் சுருங்கியிருக்கும்.

இப்போது நசுக்கிய பூண்டு பன்னிரண்டு பல், ஒரு விரல் நீள இஞ்சி துருவியது. இரண்டு நிமிடம் கழித்து மசாலாத் தூள். தூளை எண்ணெயில் ஒரு நிமிடம் வதக்குவது அவசியம். மசாலாவின் மணப்பொருட்கள் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. நேராகக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் பச்சை வாடைதான் மிஞ்சும். கருகுகிற மாதிரித் தெரிந்தால் உடனே ஒரு கரண்டி தண்ணீர். கடைசியாக அரை கிலோ தக்காளியை நறுக்கிப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வதக்குங்கள்.

இந்த விழுதை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு குளிர்பெட்டிக்கு, இரண்டு பங்கு ஃப்ரீசருக்கு. ஒவ்வொரு பங்கும் ஒரு வேளைச் சமையலுக்கு அடித்தளம். வீட்டுச் சமையலில் நேரத்தைத் தின்பது இந்த வதக்கல்தான். அதை நான்கு முறை செய்வதற்குப் பதில் ஒருமுறை செய்து முடித்துவிட்டோம்.

காளான் கிடைத்தால் கால் கிலோவைப் பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்குங்கள். 1908-இல் ஜப்பானில் கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். தக்காளியிலும் காளானிலும் இயல்பாகவே அது உண்டு. இறைச்சி இல்லாமலே கறிச்சுவை வருவது இதனால்தான்.

அரிசி, சுருக்கமாக

மூடிய பாத்திரத்தில் உதிரியாகச் சோறு வடிக்காமல் செய்ய ஒரு கணக்கு. வெள்ளரிசி உறிஞ்சுவது ஏறக்குறைய தன் அளவுக்குச் சமமான தண்ணீரைத்தான். மீதி ஆவியாகப் போவதற்கு. ஆவியாகும் அளவு பாத்திரத்தையும் நேரத்தையும் பொறுத்தது, அரிசியின் அளவைப் பொறுத்ததில்லை. ஒரு கப் அரிசிக்கு ஒன்றேமுக்கால் கப் தண்ணீர் சரியாக இருந்தால், மூன்று கப்புக்கு ஐந்தேகால் ஊற்றாதீர்கள். மூன்றேமுக்கால் போதும். கூட்டத்துக்குச் சமைக்கும்போது சோறு குழைந்துபோகும் மர்மம் இதுதான். குழைவாகப் பிடிக்கும் என்றால் அரை கப் கூட்டிக்கொள்ளலாம்.

மிஞ்சிய சோற்றை அடுப்படியில் மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். கொதித்தாலும் சாகாது. அறைவெப்பத்தில் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

இனி அரை மணி நேரச் சாப்பாடுகள்

*பருப்பும் கிழங்கும் போட்ட கெட்டி சூப்.* இதற்குப் பயறுப் பானைகூட வேண்டாம். வெங்காய விழுது ஒரு பங்கைப் பானையில் சூடாக்கி, ஒரு கப் (200 கிராம்) சிவப்பு மசூர் பருப்பு, சிறு துண்டுகளாக வெட்டிய இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். விழுதில் தக்காளி இருக்கிறதே என்று கேட்பீர்கள். மசூர் தோல் நீக்கி உடைத்த பருப்பு, அந்த அளவு புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. இருபது நிமிடம் கொதித்ததும் கரண்டியின் பின்பக்கத்தால் பாதியை மசியுங்கள். கையில் இருக்கும் கீரையைக் கிழித்துப் போட்டு இரண்டு நிமிடம். எலுமிச்சை பிழிந்து இறக்குங்கள். நான்கு பெரிய கிண்ணம் வரும்; பருப்பிலிருந்து மட்டும் கிண்ணத்துக்கு 12 கிராம் புரதம், அதாவது இரண்டு முட்டைக்குச் சமம். ரம்ஃபோர்ட் பார்த்திருந்தால் வினிகர் ஊற்றிக் குடித்திருப்பார், அதுவும் நன்றாகவே இருக்கும்.

*கொண்டைக்கடலை, தக்காளி, முட்டைகோஸ்.* மூன்று கப் வெந்த கடலையை அதன் கெட்டி நீர் ஒன்றரை கப்போடு எடுங்கள். விழுது ஒரு பங்கு, கூடுதலாக இரண்டு தக்காளி, கையளவு அகலத் துண்டுகளாக வெட்டிய கால் முட்டைகோஸ். முட்டைகோஸை முதலில் காய்ந்த சட்டியில் எண்ணெய் விட்டு, கிளறாமல் மூன்று நிமிடம் ஒரு பக்கம் கருக விடுங்கள். வேகவைத்த முட்டைகோஸின் அந்த ஆஸ்பத்திரி வாடை இதில் வராது. பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். ஒரு கரண்டி கடலையை மசித்து உள்ளேயே கலந்தால் மாவோ கிரீமோ இல்லாமல் கெட்டியாகும். சோற்றோடும் ரொட்டியோடும் போகும். அடுத்த நாள் இன்னும் ருசியாக இருக்கும்.

*பழைய சோறு, முட்டை.* ஒருநாள் குளிர்பெட்டியில் இருந்த சோறு இதற்கு ஏற்றது. ஆறும்போது மாவுச்சத்து இறுகி அரிசி தனித்தனியாக நிற்கும், புதுச் சோறு சட்டியில் களியாகிவிடும். சட்டி புகையப் போகும் அளவுக்குக் காயட்டும். நான்கு முட்டையை உப்போடு அடித்து ஊற்றி, முக்கால் பதத்தில் எடுத்துத் தனியே வையுங்கள். அதே சட்டியில் பொடியாக அரிந்த முட்டைகோஸ், கேரட், உறைந்த பட்டாணி, மூன்று நிமிடம். பிறகு நான்கு கப் சோறு. சட்டி சிறியது என்றால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள். நிறையப் போட்டால் சூடு இறங்கி, வறுபடாமல் ஆவியில் புழுங்கும். சோறு ஆவி பறக்க முழுக்கச் சூடானதும் முட்டையைக் கலந்து, மிளகும் வினிகர் சில துளியும்.

*கிழங்குச் சட்டி.* வேகவைத்த கிழங்கு, விழுது, கைப்பிடி பயறு. மேலே பள்ளம் தோண்டி முட்டை உடைத்து ஊற்றி மூடி ஐந்து நிமிடம். அவ்வளவுதான்.

சப்பென்று இருந்தால்

மலிவான சாப்பாடு அலுத்துப்போவதற்குப் பொருள் காரணமில்லை. முடிக்கும் விதத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கும். ருசி பார்த்து, இந்த வரிசையில் சரிபாருங்கள்.

உப்பு முதலில். ஒரு கிலோ உணவுக்கு மொத்தம் 8 முதல் 10 கிராம் உப்பு பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். உப்பு சரியாக இருந்தும் மந்தமாக இருந்தால் புளிப்பு குறைகிறது. அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஒரு பானை பயறை எழுப்பி உட்கார வைத்துவிடும். அதுவும் போதவில்லை என்றால் கொழுப்பு: கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி நல்ல எண்ணெய் அல்லது வெண்ணெய், மேலாக. சிக்கனம் என்று எண்ணெயை முற்றிலும் ஒதுக்கினால் சாப்பிட்ட திருப்தியே வராது. கடைசியாக மொறுமொறுப்பு. வறுத்த நிலக்கடலை, காய்ந்த ரொட்டியைப் பொடித்து எண்ணெயில் பூண்டோடு வறுத்தது, பச்சை வெங்காயம். மெத்தென்ற உணவில் பல்லுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டு உறிஞ்சி எடுக்கலாம் என்பார்கள். கிழங்கு உப்புத் தண்ணீரைக் குடிக்கும், உப்பை மட்டும் பிரித்து எடுக்காது. மீதிக் குழம்பு அதே உப்பில்தான் இருக்கும். தண்ணீரும் உப்பில்லாத பயறும் கூட்டி அளவைப் பெருக்குவது ஒன்றே தீர்வு. மிச்சத்தை உறையவைத்துக்கொள்ளலாம்.

எரிபொருள்

தண்ணீர் கொதித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் வெப்பம் ஏறாது, ஆவிதான் கூடும். கொதி வந்ததும் குறையுங்கள், மூடுங்கள். ஊறவைப்பதும் எரிபொருள் சேமிப்புதான். இன்னொரு பழைய முறை உண்டு: மூடிய பெரிய பானையில் பதினைந்து நிமிடம் கொதித்த பயறையோ தானியத்தையோ அடுப்பிலிருந்து இறக்கி, கனத்த போர்வையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவது. உள்ளே இருக்கும் சூட்டிலேயே மீதி வேகும். பானை நிறைய இருக்க வேண்டும், இல்லையென்றால் சூடு நிற்காது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல், நான்கு மணி நேரத்துக்குள் திறந்து மறுபடி கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். ராஜ்மாவுக்கு இந்த முறை வேண்டாம்.

சேமிப்பும் வாரக் கணக்கும்

சமைத்த உணவு 5-க்கும் 60 டிகிரிக்கும் நடுவே நிற்கும் நேரம்தான் ஆபத்தானது. பெரிய பானையை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளினால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்கு ஆகும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, ஆவி அடங்கியதும், சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். பயறும் விழுதும் குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். ஃப்ரீசருக்குப் போவதைப் பையில் தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். பலகை போல் அடுக்கலாம், வேண்டும்போது கால் மணி நேரத்தில் இளகும். மேலே பெயரும் தேதியும் எழுத மறக்காதீர்கள். உறைந்த பிறகு எல்லாம் ஒரே பழுப்பு நிறம்தான். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கும்வரை ஒரே ஒருமுறை சூடாக்குங்கள்.

சனிக்கிழமை இரவு பயறை ஊறப்போட்டு, ஞாயிறு காலை பயறுப் பானையும் வெங்காயச் சட்டியும் முடித்தால், அன்றைக்கே கொண்டைக்கடலை முட்டைகோஸ், கொஞ்சம் அதிகமாகச் சோறு. திங்கள் அந்தச் சோற்றில் முட்டை. செவ்வாய் குளிர்பெட்டியில் இருக்கும் விழுதின் இரண்டாம் பங்கில், கீரை வாடுவதற்குள், மசூர் சூப். புதன்கிழமை ஃப்ரீசரிலிருந்து ஒரு பங்கு விழுது, மிஞ்சிய வெந்த பயறு, கிழங்குச் சட்டி. வியாழன் யாருக்கும் சமைக்க மனம் வராது; மிஞ்சிய சூப்பைக் கொதிக்கவிட்டு, வெட்டத் தேவையில்லாத பட்டாணியைக் கொட்டி, ஆளுக்கொரு முட்டையை நேராக அதற்குள் உடைத்து விட்டு மூடிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் சாப்பாடு. கடைசிப் பங்கு விழுது ஃப்ரீசரிலேயே கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை போனை எடுக்கத் தோன்றும்போது அதையும் அலமாரியில் இருக்கும் அந்த அவசர டின்னையும் திறந்தால் போதும்.